பெயர் தெரியாத மாத்திரை

(சிதம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1929 இந்த ஊருக்கு முக்கியமான ஆண்டு. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் இங்கே பல்கலைக்கழகம் எழுந்த ஆண்டு அது. அதே 1929-இல் பிரெஞ்சு வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வெளியானது. எஃபெட்ரின் என்ற மருந்துக்கு உறவான புதுச் சேர்மம் ஒன்றைத் தயாரித்த விவரம் அதில் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கட்டுரை நூலக அலமாரியில் தூங்கியது. 2003-இல் யாரோ ஒருவர் அந்தச் சேர்மத்தைத் தயாரித்து, தானே உட்கொண்டு பார்த்து, தன் அனுபவத்தைப் புனைபெயரில் இணையத்தில் எழுதினார். அந்தச் சேர்மத்தின் பெயர் மெஃபெட்ரோன்.

அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டனில் அது வெளிப்படையாகவே இணையக் கடைகளில் விற்றது. உறையின் மேல் ‘செடி உரம்’ என்று எழுதியிருக்கும். கீழே ‘மனிதர் உட்கொள்வதற்கு அல்ல’ என்றும் இருக்கும். வாங்கியவர்கள் யாரும் தோட்டத்துக்கு வாங்கவில்லை என்பது விற்றவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சட்டத்தின் பட்டியலில் பெயர் இல்லாததால் யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. 2010 ஏப்ரலில் பிரிட்டன் தடை செய்தது. இந்தியாவில் 2015 பிப்ரவரியில்தான் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் ஏறியது. அதற்குள் மும்பையில் ‘எம்.டி.’ என்றும் ‘மியாவ் மியாவ்’ என்றும் அதற்குச் செல்லப்பெயர்கள் வந்துவிட்டன. 2024 பிப்ரவரியில் புனே காவல்துறை 1,700 கிலோவுக்கு மேல் கைப்பற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் போபால் அருகே ஒரு ஆலையில் 907 கிலோ பிடிபட்டது.

புனேக்காரர்கள் கைப்பற்றியதில் பெரும்பங்கு எங்கே தயாரானது தெரியுமா? குர்கும்ப் என்ற ஊரின் ரசாயனத் தொழிற்பேட்டையில். நம் குடிகாடு, பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம் ஊர்களை ஒட்டி சிப்காட் இருக்கிறதே, அதைப் போன்ற இடம். கடலூரில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. யாரும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. உலையும் கரைப்பானும் வேதியியல் படித்த இளைஞர்களும் நலிந்துபோன சிறு ஆலைகளும் ஒரே இடத்தில் இருக்கிற எந்த ஊரும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்றே சொல்கிறேன். போதைப்பொருள் என்றால் எல்லை தாண்டி, மலை தாண்டி வருவது என்ற பழைய படத்தை நாம் மனத்திலிருந்து எடுத்துவிட வேண்டிய காலம் இது. கஞ்சாவுக்கும் அபினுக்கும் நிலமும் மழையும் பருவமும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்த போதைக்கு ஒரு கொட்டகையும் ஒரு கூரியர் கணக்கும் போதும்.

இவற்றை ஏன் ‘வடிவமைத்த போதை’ என்கிறோம்? நம்முடைய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் போட்டுத் தடை செய்கிறது. பட்டியலில் உள்ள மூலக்கூறின் ஓரத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தால் அது வேறு பொருள். மயக்கம் கிட்டத்தட்ட அதே மயக்கம்தான். சட்டத்தின் கண்ணுக்கோ அது வேறு. அமெரிக்கா 1986-இலேயே ‘ஒத்த சேர்மங்கள்’ அனைத்தையும் வளைக்கச் சட்டம் செய்தது. சீனா 2019 மே மாதம் ஃபென்டனில் என்ற செயற்கை வலிமருந்தின் குடும்பம் முழுவதையும் ஒரே வீச்சில் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் பெரும்பாலும் பெயர் பெயராகத்தான் சேர்த்துக்கொண்டு வருகிறது. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகத்துக்கு இதுவரை உலக நாடுகள் தெரிவித்திருக்கும் புதுப் பொருள்கள் 1,200-க்கும் மேல். சட்டம் வேகம் பெற வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் நான் வழக்கறிஞன் இல்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த மருத்துவன். அந்த ஆயிரத்து இருநூறில் ஒன்று ஓர் இளைஞனின் உடம்புக்குள் இருக்கும்போது, அது பட்டியலில் உண்டா இல்லையா என்பது என் கேள்வி அல்ல. அது என்ன? இதுதான் என் கேள்வி. பெரும்பாலான நேரங்களில் இதற்கு விடை கிடைப்பதில்லை. இன்றைய உரை முழுவதும் இந்த விடை கிடைக்காமையைப் பற்றியதுதான்.

வேதியியல் மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1976-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 23 வயது வேதியியல் மாணவர் ஒருவர், பெத்தடின் என்ற வலிமருந்துக்கு உறவான ஒன்றைத் தன் வீட்டிலேயே தயாரித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பல மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு முறை தயாரிப்பில் அவசரப்பட்டார். வேண்டாத பக்கப்பொருள் ஒன்று கலந்துவிட்டது. சில நாட்களில் அவருடைய உடம்பு இறுகிப்போனது. பேச முடியவில்லை, நடக்க முடியவில்லை. முதலில் மனநோய் என்று நினைத்தார்கள். பிறகுதான் முதியவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோய் மருந்து கொடுத்தால் அசைகிறார் என்பது தெரிந்தது. இதைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 1979-இல் அச்சாயிற்று.

1982. கலிபோர்னியா. செயற்கை ஹெராயின் என்று சொல்லி விற்ற ஒரு பொடியை ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர், ஒவ்வொருவராக வெவ்வேறு மருத்துவமனைகளில் சிலை போல உறைந்துபோய் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு மனநோய், ஒருவருக்கு நடிப்பு, இன்னொருவருக்குக் காரணம் தெரியவில்லை என்று ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்று சொன்னார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் சான் ஹோசேயில் இவர்களைச் சேர்த்துப் பார்த்தார். எம்.பி.டி.பி. என்ற அதே பக்கப்பொருள் நடுமூளையின் ஒரு சிறு பகுதியைக் குறிவைத்து அழித்திருப்பது அடுத்த ஆண்டு உலகுக்குத் தெரிந்தது. பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கே அது புது வாசலைத் திறந்தது. நரம்பியல் வகுப்புகளில் இந்தக் கதையை அந்த வாசலுக்காகச் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு. மூன்று ஆண்டு முன்பே அச்சான கட்டுரை, அந்த இளைஞர்களை முதலில் பார்த்த எந்த மருத்துவரின் கைக்கும் போய்ச் சேரவில்லை.

அறிவு இருந்தது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போகவில்லை. எதிர்ப்பக்கத்திலோ அறிவு மிக விரைவாகப் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் நிக்கல்ஸ் 2011 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வேதனையோடு ஒரு கட்டுரை எழுதினார். மனச்சோர்வுக்கு மருந்து தேடும் நோக்கத்தோடு எலிகளில் சோதித்துத் தாம் வெளியிட்ட ஒரு சேர்மத்தை யாரோ படித்து, மாத்திரையாக்கி ஐரோப்பாவில் விற்றிருந்தார்கள். அதோடு தொடர்புடைய சாவுகள் ஆறு. மனிதருக்கு அது என்ன செய்யும் என்று அவரே அறிந்திருக்கவில்லை. விற்றவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆய்விதழைப் போதை விற்பவர் அன்றன்றே படிக்கிறார். நம் மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி மருத்துவருக்கு அதைப் படிக்க நேரமும் இல்லை, சந்தாவும் இல்லை.

இணையத்தால் என்ன மாறியது என்று கேட்கிறார்கள். ‘டார்க்நெட்’ என்ற சொல்லைச் சொன்னால் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருகிறது. அந்த மறைவலை வணிகம் உண்மைதான். ‘சில்க் ரோடு’ என்ற மறைவுச் சந்தை 2011-இல் தொடங்கி 2013-இல் மூடப்பட்டது. அது மூடியதும் வேறு பல முளைத்தன. 2023 ஜூனில் மத்தியப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு சுமார் 15,000 எல்.எஸ்.டி. துண்டுகளைக் கைப்பற்றியது. மாணவர்கள் ‘ஸ்டாம்ப்’ என்கிறார்களே, அந்தச் சின்னக் காகிதத் துண்டுகள்தான். மறைவலையில் பேரம், மெய்நிகர் நாணயத்தில் பணம், சாதாரணத் தபாலில் சரக்கு. 2025-இல் பக்கத்து மாநிலமான கேரளத்தின் மூவாற்றுப்புழையில் ஒருவர் வீட்டிலிருந்தபடியே இப்படி நாடு முழுவதும் அனுப்பிக்கொண்டிருந்ததைக் அதே தடுப்புப் பிரிவின் கொச்சி அலுவலகத்தினர் கண்டுபிடித்தார்கள். சென்னை விமான நிலையத்தின் சுங்கத் துறையினர், நெதர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த தபால் உறைகளில் எம்.டி.எம்.ஏ. மாத்திரைகளைப் பல முறை பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் நம் கடலூர் மாவட்டத்துப் பெற்றோர் டார்க்நெட்டை மட்டும் எண்ணிப் பயந்துகொண்டிருந்தால், வாசலில் நிற்பதைக் கவனிக்கத் தவறுவார்கள். மறைவலைக்குள் நுழையத் தனி மென்பொருள் வேண்டும், மெய்நிகர் நாணயம் வேண்டும். வலி மாத்திரைக்கு அதெல்லாம் வேண்டாம். மொத்த வியாபாரிகளுக்கென்று நடக்கும் வெளிப்படையான விற்பனைத் தளங்களில் வட மாநில விநியோகஸ்தரின் கைப்பேசி எண்ணைப் பிடித்து, பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பி, அட்டைப்பெட்டியைக் கூரியரில் அல்லது பேருந்து பார்சலில் வரவழைப்பதுதான் தமிழ்நாட்டில் காவல்துறை திரும்பத் திரும்பக் கண்ட வழி. அந்த அட்டைப்பெட்டிகளில் அடிக்கடி இருக்கும் பெயர் டேபென்டடால்.

டேபென்டடால் நல்ல மருந்து. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் நரம்பு வலிக்கும் அதை எழுதிக்கொடுத்திருக்கிறேன். 2008-இல் அமெரிக்காவிலும் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இங்கும் அனுமதி பெற்றது. கண்டிப்பாகப் பார்த்தால் அது வடிவமைத்த போதை அல்ல, முறையாகத் தயாரித்து முத்திரையிட்ட மருந்து. பிறகு ஏன் அதை இங்கே இழுக்கிறேன்? பட்டியல் நகர்ந்தால் சரக்கும் நகரும் என்ற அதே விதியில் அது ஓடுவதால்தான். இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தது டிரமடால் என்ற வலி மாத்திரை. 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. வாங்குவோரும் விற்போரும் பக்கத்து அலமாரிக்கு நகர்ந்தார்கள். அங்கே இருந்தது டேபென்டடால். நாளை இதையும் சேர்த்தால் இதற்கும் ஓர் அண்டை வீடு இருக்கும். 2025 பிப்ரவரியில் பி.பி.சி. வெளியிட்ட புலனாய்வு ஒன்று, மும்பையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் டேபென்டடாலையும் தசைத்தளர்வு மருந்தான காரிசோபுரடாலையும் ஒரே மாத்திரையில் கலந்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்புவதைக் காட்டியது. உலகில் எங்கும் மருத்துவ அனுமதி பெறாத கலவை அது. கானாவிலும் நைஜீரியாவிலும் தெருவோரத்தில் இளைஞர்கள் அதற்கு அடிமையாகிக் கிடந்தார்கள். அடுத்த சில நாட்களில் இந்திய அரசு அந்தக் கலவையின் ஏற்றுமதி அனுமதியைத் திரும்பப் பெற்றது. நம் நாட்டு ஆலையில் பிறந்த ஒன்று இன்னொரு நாட்டின் தெருவைக் கெடுத்ததை நினைத்து வெட்கப்பட வேண்டும். நம் தெருவிலும் அதன் ஒரு பாதி நிற்பதை நினைத்து அஞ்சவும் வேண்டும்.

விழுங்க வேண்டிய மாத்திரையை நம் பிள்ளைகள் ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்து ஒரு பங்கு. மாவு, டால்க், பசைப்பொருள் மீதிப் பங்கு. வயிற்றுக்குள் போனால் இவற்றால் கேடில்லை. இரத்தக் குழாய்க்குள் போனால் இவை கரைவதில்லை. நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஊசி போட்ட கை வீங்கும், சீழ் பிடிக்கும். சில சமயம் விரலையோ கையையோ இழக்க நேரும். இதய வால்வில் கிருமி உட்கார்ந்துவிட்டால் மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் நாளிலேயே நிகழக்கூடியது, மூச்சு அடங்கிப்போவது.

அந்த மூச்சைப் பற்றி இங்கிருக்கும் தாய்மார்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். “அசந்து தூங்கறான், குறட்டை விடறான், எழுப்ப வேணாம்” என்று இரவில் விட்டுவிட்டு, காலையில் அழுதபடி வந்த வீடுகள் உண்டு. உலுக்கினாலும் எழாதவனின் கொரகொரப்பு தூக்கம் அல்ல. தொண்டை அடைத்து, மூச்சு நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். உதடு நீலம் பாய்ந்திருக்கும், கண்ணின் பாப்பா ஊசிமுனையளவு சுருங்கியிருக்கும். உடனே 108. மோர், புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பாருங்கள். நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மருத்துவமனையில் நலாக்சோன் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. அபின் வகை மருந்துகளால் மூச்சு அடங்கியிருந்தால் சில நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவரும். பல நாடுகளில் மூக்கில் தெளிக்கும் வடிவில் அதைப் பொதுமக்களிடமே கொடுத்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒவ்வொரு 108 வண்டியிலும் அது தீராமல் இருப்பதை உறுதி செய்ய வேண்டும்.

அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் நண்பர்கள் வாய் திறப்பதில்லை. பாதிப் பேருக்கு உண்மையிலேயே தெரியாது. உறையில் ஒரு பெயர், உள்ளே வேறு பொருள். வெளிநாடுகளில் தூக்க மாத்திரை என்று இணையத்தில் வாங்கியதில் நிட்டாசீன் இருந்திருக்கிறது. 1950-களில் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்து, வீரியம் மிகுந்ததால் மருந்தாகவே வெளிவராத குடும்பம் அது. 2018-இல் அமெரிக்காவின் இல்லினாயில் செயற்கைக் கஞ்சா என்று விற்றதைப் புகைத்த 150-க்கும் மேற்பட்டோருக்கு மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் வடிந்தது. அதில் கலந்திருந்தது எலிமருந்து. கைவசம் இருக்கும் சிறுநீர்ப் பட்டைச் சோதனை மார்ஃபின் வகையைக் காட்டும், கஞ்சாவைக் காட்டும். டேபென்டடாலையோ ஃபென்டனிலையோ செயற்கைக் கஞ்சாவையோ அந்த வழக்கமான பட்டை காட்டாது. பட்டையில் ஒன்றும் இல்லை என்றதும் குடும்பமும் நிம்மதியடைகிறது, மருத்துவரும் வேறு நோயைத் தேடத் தொடங்குகிறார். ‘இல்லை’ என்று சொல்லும் அந்தப் பட்டை அளவுக்கு என்னைப் பயமுறுத்திய கருவி வேறில்லை.

இணைய மருந்துக்கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2018-இல் தமிழ்நாட்டு மருந்து வணிகர்கள் தொடுத்த வழக்கில், விதிகள் வரும்வரை இணையத்தில் மருந்து விற்கத் தடை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி டிசம்பரில் தீர்ப்பளித்தார். சில வாரங்களில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் ஆண்டுக்கணக்கில் வரைவாகவே கிடந்தன. முறையாக நடக்கும் இணையக் கடையையும், அட்டைப்பெட்டி அனுப்பும் ஆளையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. நடுவில் விதி இல்லாத இடம் இருந்தால் இரண்டாமவர் முதலாமவரின் நிழலில் ஒதுங்குவார், அவ்வளவுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்க மறுத்ததற்காக மிரட்டப்பட்ட மருந்துக்கடைக்காரர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். இந்த அவையிலும் இருக்கலாம். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். 1993-இல் பிரிக்கும்வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டம், மரக்காணத்திலிருந்து கள்ளக்குறிச்சி மலையடிவாரம் வரை நீண்டிருந்தது. அந்தப் பழைய மாவட்டத்தின் வரைபடத்தை மனத்தில் வையுங்கள். 2001-இல் பண்ருட்டி வட்டாரத்தில் கள்ளச்சாராயத்துக்கு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலி. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மீனவக் குடும்பங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். கடைசி இரண்டிலும் குற்றவாளி மெத்தனால். ஆலைகளின் கரைப்பான் அது. உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும். வடிவமைத்த போதைக்கும் பாக்கெட் சாராயத்துக்கும் இடையில் வர்க்கமும் வயதும் வேறு. குடித்தவருக்குத் தான் குடிப்பது என்னவென்று தெரியாது என்பதில் இரண்டும் ஒன்று.

கருணாபுரத்தில் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். முதல் சில சாவுகளுக்குச் சாராயம் காரணம் அல்ல என்ற பேச்சுதான் முதலில் பரவியது. துக்க வீட்டுக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்த செய்தி பிறகு வெளிவந்தது. பார்வை மங்கும்போதே வந்தவர்களுக்குச் சிகிச்சை உண்டு: எத்தனால் அல்லது ஃபோமெபிசோல், பிறகு டயாலிசிஸ். அந்த முதல் மணி நேரங்களில் ஒலிபெருக்கி கட்டிய ஓர் ஆட்டோ தெருவெங்கும் போய், “பாக்கெட்டில் விஷம் இருக்கிறது, குடித்தவர்கள் பயப்படாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வழக்குப் போட மாட்டோம்” என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் இன்று வீட்டில் இருப்பார்கள்?

விரைவாகச் சொல்வது முடியாத காரியமா? 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். சந்தேகம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தின் மேல். தகவல் வந்ததும் நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தது; ஆயுதபூஜையும் விஜயதசமியும் அடுத்தடுத்து வந்த விடுமுறை நாட்கள் அவை. ஏறக்குறைய ஒரே நாளில் சென்னை ஆய்வகம் சொல்லிவிட்டது: டைஎத்திலீன் கிளைகால், 48.6 சதவீதம். விற்பனை நின்றது, மற்ற மாநிலங்களுக்கும் எச்சரிக்கை போனது. அந்த ஆலை அதுவரை எப்படி ஒழுங்கான ஆய்வு இல்லாமல் இயங்கியது என்ற கேள்விக்கு இதே துறைதான் பதில் சொல்ல வேண்டும்; இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் மாதிரி கையில் கிடைத்தால் ஒரு நாளில் பெயர் சொல்லும் திறமை தமிழ்நாட்டு அரசு ஆய்வகத்துக்கு உண்டு என்பதும் அன்று நிரூபணமானது. 1849-இலேயே நஞ்சுகளை ஆராய அரசு வேதியியல் பரிசோதகரை அமர்த்திய சென்னை இது. ஒரு பாட்டில் மருந்துக்குச் செய்ய முடிந்ததை, மயங்கிக் கிடக்கும் மாணவனின் ஒரு குப்பி இரத்தத்துக்கும் செய்ய முடியும்.

இதற்கு இன்னொரு முன்மாதிரி கடலூருக்கே சொந்தம். 2000-களின் தொடக்கத்தில் சிப்காட்டைச் சுற்றியிருந்த கிராமத்தினர் இரவில் வரும் நாற்றத்தைப் புகார் செய்தபோது, ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அந்த மக்கள் நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், நாற்றம் எப்படி: அழுகிய முட்டை, நகப்பூச்சு, பிணவாடை. கண் எரிந்ததா, தலை சுற்றியதா. பிறகு எளிய வாளிக் கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2004-இல் வெளியான அவர்களுடைய அறிக்கையில் 22 நச்சு வேதிப்பொருள்கள் பெயர் பெயராக இருந்தன; எட்டு புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. மீன் விற்பவர்களும் விவசாயக் கூலிகளும் செய்த வேலை அது. அதற்குப் பிறகு ‘ஏதோ வாடை’ என்று யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

போதைப்பொருளுக்கும் உலகில் இப்படி வழிகள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் முன்னெச்சரிக்கை அமைப்பு நடத்துகிறது. அதன் கண்காணிப்பில் 950-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. நெதர்லாந்தில் 1992 முதல் வாங்கிய மாத்திரையைக் கொடுத்து உள்ளே என்ன என்று கேட்கலாம். வேல்ஸ் நாட்டில் 2013 முதல் தபாலில் அனுப்பினால் விடை இணையத்தில் வரும், பெயர் கேட்க மாட்டார்கள். அரசே போதையை ஏற்றுக்கொள்வதாகாதா என்று சிலர் கேட்பீர்கள். மாத்திரையைச் சோதித்துத் தரும் கூடத்தை நம் சட்டம் இன்று அனுமதிக்காது. நானும் அதிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு வந்துவிட்ட உடம்பிலிருந்து தொடங்கலாம்.

பயம் ஒன்று மட்டும் நீங்க வேண்டும். உட்கொண்டவரையும் ஓராண்டு வரை சிறையில் வைக்கச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதைத்தான் ஊர் முழுக்கத் தெரிந்து வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. அதைச் சொல்லும் சுவரொட்டி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பள்ளிகளில் உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். ‘நண்பன் விழுந்துவிட்டால் ஓடிவிடாதே, கூட இரு, உண்மையைச் சொல், உன்னைத் தண்டிக்க மாட்டோம்’ என்ற வரி அந்த உறுதிமொழியில் இல்லை. 2025-இல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் தொடங்கியது. மனநலச் சிகிச்சையும் போதை மீட்பும் ஒரே கூரையின் கீழ் வருவது சரியான முடிவு. அங்கே போவதற்குப் பையன் முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. கடலூர் தலைமை அரசு மருத்துவமனையிலும், ராஜா முத்தையா என்ற பெயரில் நாம் அறிந்த, இன்று கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் இந்த ஊர் மருத்துவமனையிலும், காரணம் தெரியாத மயக்கத்தோடு வரும் ஒவ்வோர் இளைஞரிடமும் சிகிச்சைக்கு எடுக்கும் இரத்தத்தில் ஒரு குப்பியைத் தனியே வைக்க வேண்டும். பெயர் நீக்கி, எண் மட்டும் இட்டு, நிறமாலைமானி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நம் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையிலும் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்திலும் கடல்நீரிலும் மீனிலும் நுண்ணளவு நச்சைத் தேடிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் உதவியைக் கேட்டுப் பெற வேண்டும். தில்லி எய்ம்ஸில் 1995 முதல் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற எண் ஒவ்வோர் அவசரப் பிரிவுச் சுவரிலும் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். விடை வந்ததும் அது கோப்புக்குள் போய்விடக் கூடாது. மாவட்டத்தின் எல்லா மருத்துவர்களுக்கும் மருந்துக்கடைகளுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் அன்றே ஒரு பத்தி போக வேண்டும்: மாத்திரையின் நிறம், வடிவம், எந்தப் பெயரில் விற்கிறது, உள்ளே உண்மையில் என்ன, என்ன அறிகுறி, என்ன மாற்றுமருந்து. எந்தக் கல்லூரி, எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தப் பையன் என்பது அதில் இருக்கக் கூடாது.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். மாவட்ட ஆட்சியரும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரும் மருத்துவக் கல்லூரி முதல்வரும் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஒரு பிற்பகல் சேர்ந்து உட்கார்ந்தால் ஆணை தயாராகிவிடும். அந்தக் கூட்டத்துக்கு வேண்டிய முன்வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். உரை முடிந்ததும் தலைவர் அவர்களிடம் கொடுக்கிறேன். படித்துத் திருத்த விரும்பும் மருத்துவர்களும் மாணவர்களும் மேடைக்கு வாருங்கள், பிரதிகள் போதுமான அளவு இருக்கின்றன.